ஓ போடாத வேம்பு

உப்பளம், புதுச்சேரி
15-7-1980

அன்புள்ள தம்பி நாராயணசாமிக்கு, அக்கா வேம்பு ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். ஏனாமில் நீயும் அஞ்சலாட்சியும் நல்ல வீடாகப் பார்த்துக் குடியேறிவிட்டீர்களா, தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா, உடனே எழுதவும்.

நீ மாற்றலாகிப் போன பிறகு முதல் தடவையாக நேற்று கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். பிரெஞ்சுக்காரர் திருநாள் ஆனதால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம் பஸ் ஏறினோம்.

சீட்டு எழுதுகிற இடத்தில் என் அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னாம்மா பேரு இது, வெம்போவா?" என்று சிரித்தார்கள். எல்லாம் உன்னால்தான். பிறப்புப் பதிவு ஆபீஸ் குமாஸ்தாவைத் தம்பியாகப் பெற்றால் இப்படித்தான். பிரெஞ்சுக் காலத்துப் பதிவில் உள்ளபடிதான் எழுதுவேன் என்று அடம்பிடித்து, ஆஸ்பத்திரி அட்டையில் இங்கிலீஷில் எழுதிய என் பெயருக்குள் பிரெஞ்சுக்காரர் மாதிரி ஒரு ஓ எழுத்தை நுழைத்தாய். ரேஷன் கார்டில் ஓ போடாத வேம்பு, ஆஸ்பத்திரியில் ஓ போட்ட வேம்பு. ஒரு பொம்பளைக்கு எதற்கடா இரண்டு பெயர்?

வழக்கமான திங்கட்கிழமை டாக்டர்தான் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாள் துண்டைக் காட்டினார். என் ரத்தத்தை அதில் ஓடவிட்டால், எல்லாருக்கும் பரவலாகப் படிகிற இடத்தில் எனக்கு மட்டும் கெட்டியாக ஒரு கோடு விழுகிறதாம். மாமா மில்லில் நெய்கிற வேட்டிக்குக் கரை போட்ட மாதிரி இருந்தது. "இது நோய் இல்லம்மா. நோயா மாறலாம், மாறாமலே கூட போகலாம். மாறுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும், அவ்ளோதான். ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். அந்தக் கோட்டின் அளவு ஒன்று புள்ளி ஒன்று என்று எழுதியிருக்கிறது. நீ இருந்தபோது பார்த்ததும் அதேதான்.

மாமா ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையிலேயே நின்றிருந்தார். "என்னா?" என்றார். "கரை அப்டியே இருக்குது" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. பிள்ளையில்லாத வீட்டில் பேச்சு குறைவு என்று உனக்குத் தெரியாதா.

அஞ்சலாட்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வேம்பு


ஏனாம்
9-8-1980

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி நாராயணசாமி வணக்கம். நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் உடம்பும் மாமா உடம்பும் எப்படி இருக்கிறது?

வீடு கிடைத்துவிட்டது. பத்து நிமிஷம் நடந்தால் கோதாவரி. ஆறு இங்கே கடலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரிவதில்லை. ஒரு நாள் கடலுக்குப் போகிறது, ஒரு நாள் நம்மைப் பார்த்து வருகிறது. அஞ்சலாட்சி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். தெலுங்கு இன்னும் வரவில்லை, ஆனால் மீன்காரியோடு சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டது.

ஓ எழுத்தைக் கேலி பண்ணாதே. இங்கேயும் எனக்கு அதுதான் வேலை. தினமும் நாலு பேர் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்த மனு கொடுக்கிறார்கள். எழுத்து மாறினால் காகிதத்தில் ஆளே வேறு, அக்கா. போன வாரம் ஒரு பெரியவர் தான்தான் தன் அப்பாவுக்குப் பிள்ளை என்று நிரூபிக்க மூன்று நாள் நடந்தார்.

ஆஸ்பத்திரியில் கொடுக்கிற ரிசல்ட் தாளை ஒவ்வொரு தடவையும் எனக்கு அனுப்பிவிடு. உன் வீட்டில் வைத்தால் அதில் மிளகாய் மடித்துவிடுவாய். நான் ஃபைல் போட்டு வைக்கிறேன். என்னால் அங்கே வந்து வரிசையில் நிற்க முடியவில்லை, இதையாவது செய்கிறேன்.

மாமாவுக்கு வணக்கம்.

உன் தம்பி,
நாராயணசாமி


உப்பளம்
20-1-1981

அன்புத் தம்பி நாராயணசாமிக்கு அக்கா எழுதிக்கொண்டது. பொங்கல் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் இல்லாமல் கரும்பு மீந்துவிட்டது. நீயும் அஞ்சலாட்சியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று போய் வந்தேன். தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஒன்று புள்ளி இரண்டு. "இது ஏறினதாவே கணக்கு இல்ல" என்றார் டாக்டர். அடுத்தது ஜூலை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். கனவில் அந்தத் தாள் துண்டு துணியாக நீண்டு, உப்பளத்துப் பழைய துறைமுகப் பக்கம் தொடங்கிக் கடல் பாலத்தின் மேல் போய்க்கொண்டே இருக்கிறது. மாமா முன்னால் அதைச் சுருட்டிக்கொண்டு நடக்கிறார். நான் பின்னால் போகிறேன். கரை எங்கேயாவது அகலமாகிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறேன். அகலமாகவில்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் கூப்பிட்டு விழித்தபோது எனக்கு எழுந்திருக்க மனமில்லை.

எனக்கு எதுவும் வலிக்கவில்லை என்பதுதான் விசித்திரம். வலித்தால் ஒரு இடம் இருக்கும், கை வைத்துப் பார்க்கலாம். இதற்கு இடமே இல்லை. குழம்பு கொதிக்கும்போதும், மில் சங்கு ஊதும்போதும், இது உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பு வரும். உடனே எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும். வீடு, கொடியில் காய்கிற துணி, மாமாவின் சைக்கிள். பயம் என்று சொல்ல முடியாது. மத்தியானம் தூங்கி எழுந்தால் காலையா மாலையா என்று தெரியாமல் இருக்குமே, அப்படி.

பைத்தியம் பிடித்துவிட்டது என்று அஞ்சலாட்சியிடம் சொல்லாதே.

அக்கா,
வேம்பு


ஏனாம்
12-2-1982

அன்புள்ள அக்கா, நலமா? மாமா நலமா? இந்தத் தடவை எங்கள் சுகத்தை எழுதுவதற்கே ஒரு கடிதம் வேண்டும், அதனால் உட்கார்ந்து படி.

அஞ்சலாட்சி முழுகாமல் இருக்கிறாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு. மூன்று மாதம் தாண்டட்டும் என்று உனக்குக்கூட எழுதாமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீ திட்டுவாய் என்று தெரியும், திட்டு. டாக்டரம்மா அவளை மாடிப்படிகூட ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். பஸ், ரயில் எதுவும் ஆகாது. கட்டிலில் படுத்துக்கொண்டு என்னை அதிகாரம் பண்ணுகிறாள். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன்.

இந்த நேரம் பார்த்து, புதுச்சேரிக்கே திரும்ப மாற்றல் வேண்டுமா என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். உன் கரை சும்மா இருக்கிறதென்றால் பிரசவம் முடியும்வரை இங்கேயே இருந்துவிடுவோம். இல்லையென்றால் இவளை இவள் அம்மா வீட்டு ஆட்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும், நான் வந்துவிடுகிறேன். நீ சொல்வதுதான். ஃபைலில் போன ஜூலை வரைக்கும் தாள் இருக்கிறது. ஜனவரித் தாள் இன்னும் வரவில்லையே?

உன் தம்பி,
நாராயணசாமி


உப்பளம்
3-3-1982

என் தங்கமான தம்பிக்கும் அஞ்சலாட்சிக்கும் அக்காவின் ஆசி. நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும். மூன்று என்று எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டேன். சோறு தீய்ந்துவிட்டது. மாமா தீய்ந்ததைத் தின்றுவிட்டு, அன்றைக்கே மில்லில் துண்டுத் துணி சொல்லிவைத்துவிட்டார். குழந்தைக்குப் பழந்துணிதான் ஆகும் என்றால் கேட்கவில்லை. தினம் ஒன்று கொண்டுவந்து துவைத்துக் காயப்போடுகிறார்.

அஞ்சலாட்சிக்குப் புளிப்பு கேட்டால் கொடு, ஆனால் மாங்காயை உப்பில் ஊறவைத்துக் கொடு. ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப்போடு, நறுக்காதே. இடது பக்கமாகப் படுக்கச் சொல்.

ஜனவரித் தாளை எங்கேயோ வைத்துவிட்டேன். பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் எல்லாம் இடம் மாறிவிட்டது. தேடி அனுப்புகிறேன். எனக்கென்ன, கல் மாதிரி இருக்கிறேன்.

அக்கா


ஏனாம்
27-3-1982

அக்கா, நாங்கள் சுகம். அஞ்சலாட்சிக்கு வாந்தி நின்றுவிட்டது. உன் சுகத்தை ஒழுங்காக எழுது.

தாள் கிடைக்காவிட்டால் போகிறது, எண்ணை மட்டும் எழுது. ஒரு எண் உனக்கு மறக்காது. தயிர்க்காரி பத்து வருஷத்துக்கு முன்னால் குறைத்து அளந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறவள் நீ. மாற்றலுக்கு ஜூனுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நாராயணசாமி


உப்பளம்
28-5-1982

அன்புள்ள தம்பிக்கு, அக்கா மிகுந்த சந்தோஷத்தோடு எழுதுவது. இங்கே எல்லாரும் பரம சௌக்கியம். அஞ்சலாட்சி நடக்கிறாளா? கால் வீங்குகிறதா?

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நேற்று வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தேன். சின்ன வயசு டாக்டரம்மா, மூக்குத்தி போட்டிருந்தாள். எல்லாம் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, இப்போ ஒண்ணும் இல்ல. ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கை குளிர்ச்சியாக இருந்தது.

வெளியே வந்ததும் வெயிலே அடிக்காத மாதிரி இருந்தது எனக்கு. பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குப் போகாமல் மாமாவைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பட்டப்பகலில் யாரும் இல்லை. சுண்டல்காரன்கூட வரவில்லை. அங்கே உட்கார்ந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்றே தெரியவில்லை. அலை வருவதும் போவதும் யாரோ மூச்சுவிடுகிற மாதிரி, நானும் அதோடு சேர்ந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன். மாமா என் முகத்தையே பார்த்தார். "என்னா பாக்குறீங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார்.

நீ மாற்றல் கேட்க வேண்டாம். அங்கேயே இரு. குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும். நான் நன்றாகத் தூங்குகிறேன்.

என்றும் உன் அக்கா,
வேம்பு


ஏனாம்
12-9-1982

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும். தந்தி கிடைத்திருக்கும். இரண்டாம் தேதி விடியும்போது பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம், நான்தான் மெலிந்துவிட்டேன்.

குழந்தைக்கு உன் நெற்றி. அதே மேட்டு நெற்றி. கூப்பிடுவதற்கு இப்போதைக்குச் சின்னப்பாப்பா. தூக்கத்தில் சிரிக்கிறது. என்னவெல்லாம் பார்க்கிறதோ. அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கும் கண் சொக்குகிறது, ஆபீஸுக்குப் போக மனமில்லை.

நம் ஊர் கொளஞ்சி இங்கே பொதுப்பணித் துறையில் சேர்ந்திருக்கிறான். நவம்பர் கடைசியில் ஊருக்கு வந்து திரும்புகிறான். குழந்தைக்கு ஏதாவது கொடுப்பதானால் அவனிடம் கொடு. நவம்பரில் உனக்கு ஆஸ்பத்திரி நாள், மறக்காதே.

நாராயணசாமி


ஏனாம்
6-12-1982

அக்காவுக்கு. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகம் எப்படி என்று கேட்டு எழுத எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

கொளஞ்சி மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். இருபது துணி. ஒவ்வொன்றும் மில்லில் மடிக்கிற மாதிரி மூலைக்கு மூலை ஒட்டி மடித்திருந்தது. உன் மடிப்பு இல்லை, மாமாவின் மடிப்பு. அஞ்சலாட்சி ஒன்றை உதறினாள். உள்ளேயிருந்து இரண்டு தாள் விழுந்தது.

ஒன்று இந்த ஜனவரித் தாள். பெயரில் ஓ இருக்கிறது. இரண்டு புள்ளி பூஜ்யம். கீழே 'எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்கு இரண்டு நாள் படுக்க வேண்டும்' என்று உன் திங்கட்கிழமை டாக்டர் எழுதியிருக்கிறார். இன்னொன்று மே மாதத் தாள். பெயரில் ஓ இல்லை. புது நம்பர். 'புதிய நோயாளி' என்று முத்திரை. இரண்டு புள்ளி ஒன்று.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அக்கா. பதிமூன்று வருஷமாக இதே வேலை பார்க்கிறவன் நான். ஊசிக்குப் பயந்து, டாக்டர் இல்லாத கிழமையாகப் பார்த்து, ரேஷன் கார்டுப் பெயரைச் சொல்லி வேறு அட்டை போட்டிருக்கிறாய். பழைய அட்டையை நீ காட்டவில்லை. பழைய எண்கள் எதுவும் அந்த மூக்குத்தி டாக்டரம்மாவுக்குத் தெரியாது. முதல் தடவை வருகிறவள் என்று நினைத்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள். ஏறிக்கொண்டிருக்கிறதா என்பதுதானே முழுப் பேச்சும். அதைப் பார்க்கத்தானே இந்த இரண்டரை வருஷமும் போனாய். ஒரே ஆளை இரண்டாக்கி, இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று முடித்துவிட்டாய்.

அந்தக் கடிதத்தை நம்பி நான் மாற்றலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். குழந்தைக்காக மறைத்தேன் என்று சொல்வாய். அந்தக் குழந்தையை நீ தூக்க வேண்டாமா? எனக்குக் கோபத்தில் கை ஓடவில்லை. எனக்கு அம்மா முகம் ஞாபகமில்லை, உன் முகம்தான் ஞாபகம். இதை நேரில் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை போ.

நாராயணசாமி


ஏனாம்
30-1-1983

அக்கா, எட்டு வாரமாகிறது. பொங்கலுக்கும் கடிதம் இல்லை. நான் எழுதியது அதிகம்தான். கோபத்தில் எழுதியதை மறந்துவிடு, சொன்னதை மட்டும் செய். லீவுக்கு எழுதிக்கொடுக்கப் போகிறேன். நீயும் மாமாவும் நன்றாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போடு.

நாராயணசாமி


உப்பளம்
12-4-1983

அன்புள்ள தம்பி நாராயணசாமிக்கும், அஞ்சலாட்சிக்கும், சின்னப்பாப்பாவுக்கும் அக்கா எழுதுவது. உங்கள் சுகத்தைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். லீவு போடாதே, நான் போகிறேன் என்று தந்தி கொடுத்ததோடு சரி. அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. இன்றைக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே மாமாவைக் கேட்டேன். "நீங்களா வெச்சீங்க?" "ஆமா." "எதுக்கு?" "ரெண்டு அட்ட எதுக்குன்னு எனக்குத் தெரியல. அதுல என்னா எழுதியிருக்குதுன்னும் தெரியல. படிக்கத் தெரிஞ்சவனுக்கு அனுப்புனேன்" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார்.

உனக்காகச் செய்தேன் என்று சொன்னால் நீ நம்புவாய். நானும் பத்து தடவை அப்படி எழுதிக் கிழித்தேன். அது பொய், நாராயணா. எனக்காகத்தான் செய்தேன். போன வருஷம் ஜனவரியில் டாக்டர் முகம் மாறியதைப் பார்த்தேன். எனக்கு முதல் நாள் வேண்டியிருந்தது. முதல் நாள் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, இது நோய் இல்லை என்று அவர் சொன்னாரே, அந்த நாள் இன்னொரு தடவை வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஓ எழுத்தை எடுத்துவிட்டால் அந்த நாளுக்குத் திரும்பப் போய்விடலாம் என்று வரிசையில் நிற்கும்போதுதான் தோன்றியது. போனேன். கிடைத்தது. ஆறு மாதம் நன்றாகத் தூங்கினேன். அதற்கு வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

உன் கடிதம் வந்த பிறகும் போகவில்லை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாமா காலையில் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்காருவார். நான் வேலை இருக்கிறது என்பேன். எழுந்து மில்லுக்குப் போய்விடுவார். மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, அவர் உட்கார்ந்திருந்தபடியே தூங்கிவிட்டதைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை முழுக்க எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு வந்து எழுப்பினேன்.

இரண்டு அட்டையையும் டாக்டர் மேஜைமேல் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல நீங்க யாரு?" என்றார். "ரெண்டும் நான்தாங்க" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. இரண்டு கட்டுத் தாளையும் தேதி வாரியாக அடுக்கி ஒரே உறையில் போட்டார். அன்றைக்கே படுக்க வைத்தார்கள். இடுப்பெலும்பில் ஊசி. வலித்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதற்கு ஒரு இடம் கிடைத்தது. மாமா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், என் காலைப் பிடிக்க அவருக்கு வெட்கம்.

முடிவுக்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரமும் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரி எல்லார் பேச்சும் கேட்டது.

நேற்று போனோம். டாக்டர் எல்லாத் தாளையும் மேஜையில் பரப்பி வைத்திருந்தார். ஒன்று புள்ளி ஒன்று முதல் இப்போது வந்த இரண்டு புள்ளி இரண்டு வரை, விரல் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். "கொஞ்சம் கொஞ்சமா ஏறுது, இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா எலும்புல எதுவும் இல்ல. இன்னும் நோயா மாறல. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

போன மே மாதம் அந்த டாக்டரம்மா சொன்னதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைதான். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். நேற்று எல்லாம் தெரிந்த மனிதர் அதையே சொன்னபோது எழுந்திருக்க முடியவில்லை. அவர் முன்னாலேயே அழுதேன். அடுத்த ஆளைக் கூப்பிடாமல் அவரும் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மாதம் என்றால் ஆனி கடைசி. பிறகு இன்னொரு மூன்று மாதம். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, நாராயணா. நான் கல் இல்லை. மாற்றலுக்கு எழுதிக்கொடு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு.

உன் அக்கா,
வேம்பு